குற்றாலம் லாட்ஜ்களில் எமர்ஜென்சி லைட் எரியுமா? மின்தடை நாளே சோதனை நாள்!

தென்காசி வட்டாரத்தில் "நாளை மின்தடை" என்று செய்தி வந்தால் பெரும்பாலானோர் இரண்டு வேலைதான் செய்வார்கள். மோட்டாரை போட்டு தொட்டியை நிரப்புவார்கள். செல்போனுக்கு சார்ஜ் போடுவார்கள். மாடிப்படியில் மாட்டியிருக்கிற எமர்ஜென்சி லைட் எரியுதா என்று அண்ணாந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் ரூம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கேரளாவில் இருந்தும், வெளி மாவட்டங்களில் இருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து தங்குகிறார்கள். ஐந்தருவியில் குளித்த களைப்பில் அசந்து தூங்குகிறவருக்கு மாடிப்படி இடது பக்கமா, வலது பக்கமா என்பதே நினைவிருக்காது. நடுராத்திரியில் தீப்பிடித்து கரண்டும் போனால் என்ன ஆகும்?

2023 ஆகஸ்டில் குற்றாலநாதர் கோவில் அருகே தற்காலிக கடைகளில் பிடித்த தீயில் ஏராளமான கடைகள் எரிந்து நாசமாயின. திறந்தவெளி என்பதால் ஓட வழி இருந்தது. பூட்டிய அறையும், குறுகலான படிக்கட்டும் அப்படி அல்ல.

திண்டுக்கல், டெல்லி தந்த பாடம்

2024 டிசம்பர் 12-ந்தேதி இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்து 6 பேர் பலியானார்கள். லிப்டில் சிக்கியவர்களும் இதில் அடக்கம்.

1997 ஜூன் 13-ந்தேதி டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் இறந்தனர். பெரும்பாலானோர் தீயில் கருகி சாகவில்லை. புகையில் மூச்சு திணறித்தான் இறந்தார்கள். வழி காட்ட எமர்ஜென்சி விளக்கு இல்லாததும், வெளியேறும் வழியை மறித்து கூடுதல் சீட் போட்டதும் விசாரணையில் அம்பலமானது.

தேசிய கட்டிட விதித்தொகுப்பு தெளிவாகவே சொல்கிறது. கரண்ட் போனதும் தப்பிக்கும் வழியில் விளக்கு தானாக எரிய வேண்டும். குறைந்தது ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். படிக்கட்டு, திருப்பம், வெளியேறும் கதவு எல்லாவற்றிலும் வெளிச்சம் விழ வேண்டும். அவ்வப்போது சோதித்து பராமரிக்க வேண்டும்.

சிவப்பு புள்ளியை நம்பாதீங்க!

"லைட்ல சிவப்பு புள்ளி எரியுதே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். அந்த புள்ளி சொல்வது கரண்ட் வருகிறது என்பதை மட்டுமே. பேட்டரிக்கு உயிர் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. மூன்று, நான்கு வருடம் ஆனாலே பேட்டரி தளர்ந்து விடும். அப்புறம் இரண்டு நிமிடம் பளிச்சென்று எரிந்து அணைந்து விடும்.

குற்றாலத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சீசன் முடிந்ததும் மெயினை ஆப் பண்ணி மாடியை பூட்டினால் பேட்டரி முழுவதும் இறங்கி அப்படியே செத்துப்போகும். சாரல் ஈரத்தில் முனைகளில் துரு ஏறும். ஜூன் மாதம் ரூமுக்கு வெள்ளையடிக்கிறவர்கள் பேட்டரியையும் பார்க்க வேண்டாமா?

ஜெனரேட்டர் இருந்தால் போதும் என்பதும் தவறான நினைப்பு. தீப்பிடித்தால் முதலில் மெயினையும் ஜெனரேட்டரையும் நிறுத்தத்தான் செய்வார்கள். அப்போது கைகொடுப்பது தனி பேட்டரியில் எரியும் விளக்குதான்.

எப்படி சோதிப்பது?

மாதாந்திர மின்தடை நாளிலேயே செய்யலாம். ஜெனரேட்டரையும், இன்வெர்ட்டரையும் சில நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டு, தளம் தளமாக நடந்து பார்த்தால் போதும். எரியாத விளக்கு எது என்று உடனே தெரிந்து விடும். இங்கிலாந்து, அமெரிக்காவில் மாதம் ஒருமுறை சிறு சோதனையும், வருடம் ஒருமுறை முழு நேர சோதனையும் நடத்துவது நடைமுறை. முழு சோதனையை சீசன் தொடங்கும் முன்பே முடித்து விடுவது நல்லது. பேட்டரி மறுபடி சார்ஜ் ஏற ஒருநாள் வரை ஆகலாம் என்பதால் கூட்டம் நிரம்பி வழியும் சனிக்கிழமையில் கை வைக்கக்கூடாது.

தேதி, எந்த விளக்கு, எத்தனை நிமிடம் எரிந்தது, யார் பார்த்தது... இதை எழுத ஒரு நோட்டு போதும். கட்டிடத்துக்கு சான்று வாங்கும் நாளில் எல்லா விளக்கும் எரியத்தான் செய்யும். மூன்று வருடம் கழித்து எரிகிறதா என்பதுதான் கேள்வி. எனவே சீசனுக்கு முன்பு நடத்தும் ஆய்வில் தீயணைப்பு துறையும், உள்ளாட்சி அதிகாரிகளும் சான்றிதழோடு அந்த நோட்டையும் கேட்க வேண்டும். லாட்ஜுக்கு மட்டுமல்ல, தென்காசி கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடைக்கும் இது பொருந்தும்.

தங்க வருகிறவர்களும் சும்மா இருக்க வேண்டாம். சாவி வாங்கும்போதே, "கரண்ட் போனா படிக்கட்டுல லைட் எரியுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்து பேர் கேட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் புது பேட்டரி வந்து விடும்.