கோயிலைத் தெரியும், ஊரைத் தெரியுமா?

கோயில் இல்லாத ஊரிற் குடியிருக்கலாகாது என்பது தமிழர் மரபு. மெல்பேண் மாநகரில் இம்மரபு தலைகீழாக நிற்கின்றது. கோயில் இருக்கின்ற கரம்டவுன்ஸில் அடியார்களிற் பெரும்பாலோர் குடியிருப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளிலும் திருவிழாக் காலங்களிலும் டண்டினோங், கிளென் வேவலி முதலிய இடங்களிலிருந்து காரில் வருகின்றனர். அருச்சனை முடிந்ததும் காரிலேயே திரும்புகின்றனர். சிவா விஷ்ணு ஆலயத்தின் கோபுரங்களை அறிந்த அளவுக்கு அவை நிற்கும் மண்ணை அவர்கள் அறியார். ஊரை அறியாதிருப்பதால் என்ன குறை என்று கேட்பாரும் உளர். அவ்வூரின் வரலாற்றை நோக்கினால் அக்குறை எதுவென்பது தானே விளங்கும்.

கரம்டவுன்ஸ் மெல்பேண் நகர மையத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 36 கிலோமீற்றர் தொலைவில், பிராங்ஸ்ரன் நகரசபையின் எல்லைக்குள் உள்ளது. இது பூனுறொங் ஆதிக்குடிகளின் நிலம். மோடியாலொக் முதல் பிராங்ஸ்ரன் வரை பரந்து கிடந்த கரம் கரம் என்னும் பெருஞ் சதுப்பு நிலத்தை அடுத்து அமைந்தமையால் இவ்வூருக்கு இப்பெயர் வாய்த்தது. 1870களில் பற்றர்சன் ஆறு என்னும் கால்வாய் வெட்டப்பட்டுச் சதுப்பு நீர் கடலுக்கு வடிக்கப்பட்டது. மீன்களும் நீர்ப்பறவைகளும் நிறைந்திருந்த இடம் மேய்ச்சல் நிலமும் தோட்ட நிலமுமாயிற்று. எஞ்சிய சிறு பகுதியே எடித்வேல் - சீபோட் ஈரநிலம். அது 2001இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்ததாக ஏற்கப்பட்டது. 1882இல் பிராங்ஸ்ரனை எட்டிய புகையிரதப் பாதை கடற்கரையோரமாகச் சென்றது. மற்றொரு பாதை டண்டினோங் வழியாக உள்நாட்டுக்குச் சென்றது. இரண்டுக்கும் இடையே அகப்பட்ட கரம்டவுன்ஸுக்கு இன்றுவரை புகையிரத நிலையம் இல்லை.

ஒரு நகரம் தன் நடுவில் வைத்துக்கொள்ள விரும்பாதவற்றை ஓரத்துக்கு அனுப்புவது வழக்கம். மெல்பேணின் கழிவுநீரில் ஏறத்தாழ 40 வீதத்தைச் சுத்திகரிக்கும் நிலையம் 1975 முதல் அயலூரான பாங்கோமில் இயங்கி வருகின்றது. அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூருக்கு வேறொரு கூட்டத்தார் வந்தனர். அவர்கள் வேலையற்ற ஏழைகள்.

அவர்களை அழைத்து வந்தவர் ஜெராட் ரக்கர் என்னும் அங்கிலிக்கன் பாதிரியார். 1930இல் சென்ற் லோறன்ஸ் சகோதரத்துவம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்த அவர், 1933இல் மெல்பேணின் பிற்ஸ்றோய் சேரிப்பகுதிக்கு வந்து பணியாற்றினார். உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையிழந்து, வாடகைக்கு வழியின்றி நின்ற குடும்பங்களுக்கென 1935இல் கரம்டவுன்ஸில் ஒரு குடியேற்றத்தை அமைத்தார். சிறு வீடும், காய்கறி பயிரிட்டுக் கோழி வளர்க்கச் சிறிது நிலமும் கொடுத்தார். பின்னர் யுத்தம் வந்தது, தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தது, குடும்பங்கள் வெளியேறின. ரக்கர் அவ்வீடுகளை வெறுமையாக விடவில்லை. ஆதரவற்ற முதியோர் வாழும் கிராமமாக அதனை மாற்றினார். முதியோரைப் பெரிய விடுதிகளில் அடைத்து வைத்தலாகாது. அவர்கள் தத்தம் சிறு வீட்டில், சுயமரியாதையுடன், அயலவர் சூழ வாழவேண்டும் என்பதே அவர் கொள்கை. அவுஸ்திரேலியாவில் இவ்வகையில் எழுந்த முன்னோடிக் கிராமங்களுள் இதுவும் ஒன்று.

அவர் பணி அத்துடன் நின்றுவிடவில்லை. 1953இல் சமாதானத்துக்கான உணவு என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். இந்தியாவில் இயங்கிய ஒரு சிறு சுகாதாரத் திட்டத்துக்கு அவ்வியக்கம் வாராவாரம் நன்கொடை அனுப்பியது. அதுவே வளர்ந்து இன்று ஒக்ஸ்பாம் அவுஸ்திரேலியாவாக விளங்குகின்றது. கோபுரம் எழுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே இவ்வூரோடு தொடர்புடைய ஒருவர் பாரத தேசத்து நோயாளரை நினைத்திருந்தார். ஆலயத்துக்கு வருவோரில் எத்தனை பேர் இதை அறிவர்?

1983ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின்னர் இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக மெல்பேணுக்கு வந்தனர். சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் ஒரே வளவில் சந்நிதிகள், சுற்றுவீதி, மண்டபம், வாகனத் தரிப்பிடம் ஆகிய அனைத்துக்கும் வேண்டிய பரந்த காணி, கைக்கெட்டிய விலையில் நகர ஓரத்திலேயே கிடைக்கக்கூடியதாயிருந்தது. 1994இல் மகா கும்பாபிஷேகம் நடைபெற்றது. அக்காலத்தை ஒட்டியே ஊரிலும் வீடுகள் பெருகின. 2008இல் ஈஸ்ற்லிங்க், 2013இல் பெனின்சுலா லிங்க் ஆகிய நெடுஞ்சாலைகள் திறக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி இங்கு ஏறத்தாழ 22 ஆயிரம் பேர் வாழ்கின்றனர். சாலைகள் யாவும் கார் உள்ளவனுக்கே வசதி செய்தன.

இங்கேதான் முன்னர் கூறிய குறை புலப்படுகின்றது. கும்பாபிஷேகத்தின்போது 45 வயதினராய் நின்று, கல் சுமந்தும் சமைத்தும் பணம் சேர்த்தும் உழைத்தவர்கள் இன்று 75 வயதைக் கடந்துவிட்டனர். பலர் கார் ஓட்டுவதை விட்டுவிட்டனர். பிள்ளைகளுக்கு வேலை, பேரப்பிள்ளைகளுக்குப் படிப்பு. புகையிரதத்தில் ஏறி, பின்னர் பஸ் மாறி, இறங்கிய இடத்திலிருந்து நடந்துவர அவர்களால் இயலாது. தாங்கள் கட்டிய கோயிலுக்குத் தாங்களே வரமுடியாமல் வீட்டில் அமர்ந்து கும்பிடுகின்றனர்.

ஆலயம் வழிபாட்டுக்குரியது, சமூகசேவைக்கு வேறு சங்கங்கள் உள்ளன என்று சிலர் கூறுவர். வழிபடும் அடியாரையே வாசலுக்குக் கொண்டுவர இயலாதபோது அவ்வாதம் நில்லாது. பெற்றோரை அழைத்துவருவது பிள்ளைகளின் கடமை என்பர் வேறு சிலர். அது மெய்யே. ஆனால் பிள்ளைகள் வேறு மாநிலத்தில் வாழும் பெற்றோருக்கும், துணையை இழந்து தனித்திருப்போருக்கும் அவ்விடை எவ்வகையில் உதவும்?

செய்யக்கூடியவை பல. ஒவ்வொரு பகுதியிலும் கார் ஓட்டும் அன்பர்களின் பெயர்ப்பட்டியலைத் தயாரித்து, வெள்ளிக்கிழமைகளில் ஒருவர் இரண்டு முதியோரையாவது அழைத்துவரலாம். திருவிழா நாட்களில் டண்டினோங், பிராங்ஸ்ரன் நிலையங்களிலிருந்து வாடகை பஸ் ஒன்றை ஓடச் செய்யலாம். முதியோர் ஆலயத்துக்கு அண்மையில் குடியிருக்க வகை உண்டா என்பதையும் பெரியோர் கூடி ஆராயலாம். அதற்கு முன்மாதிரி இந்த ஊரிலேயே இருந்தது. அயலவர் வாசல்களை மறித்துக் கார் நிறுத்தாமை, விழாக்களுக்கு அவர்களையும் அழைத்து அன்னதானத்தில் அமர்த்துதல் ஆகியனவும் இவற்றோடு சேரவேண்டியவை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வூரின் வரலாற்றையும் ஒரு பாடமாகக் கற்பித்தல் நன்று.

நீர் வடித்த நிலத்தில் வீடற்றோருக்கு வீடு கொடுத்த ஊர் இது. நாடிழந்து வந்தோருக்குத் தம் தெய்வங்களை எழுந்தருளச் செய்ய இடமளித்ததும் இதுவே. அவ்வூரில் கோயில் கொண்டவர்கள், நடக்கத் தள்ளாடும் தம் முதியோருக்கு ஒரு கார்க் கதவைத் திறந்துவிடுதல் பெரிய காரியமன்று. வரும் வெள்ளிக்கிழமையே அதைத் தொடங்கலாம்.