ஆமையைப் புரட்டிப் போட்ட பாதிரி

தான் வணங்கும் கடவுளையே மல்லாக்கப் புரட்டி வெயிலில் போட்டுவிட்டு, அந்தக் கடவுளின் பெயராலேயே மனிதர்களைச் சித்திரவதை செய்கிறான் ஒரு பாதிரி! இங்கிலாந்து எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் (1948–2015) 1992-ல் வெளியிட்ட 'ஸ்மால் காட்ஸ்' என்ற நையாண்டி நாவலில் அவன் வருகிறான். பெயர் வோர்பிஸ். ஓம்னியா என்ற கற்பனை நாட்டில் மத விசாரணை இலாகாவுக்குத் தலைவன். அந்நாட்டுக் கடவுளின் பெயர் ஓம். (நமது பிரணவத்தைப் பழித்துவிட்டார் என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம்!)

அந்த உலகம் தட்டையானது. நான்கு யானைகள் அதைச் சுமக்கின்றன. யானைகளை ஒரு ராட்சத ஆமை சுமந்து செல்கிறது. இது அங்கே கண்கூடான உண்மை. ஆனால் திருச்சபையோ உலகம் உருண்டை என்று சாதிக்கிறது. ஆமையைப் பற்றிப் பேசுகிறவனை வதைக்கிறது. கலிலியோவின் கதை தலைகீழாக! 1633-ல் ரோமாபுரியில் அந்தக் கிழவரை மண்டியிட வைத்து, பூமி நகரவில்லை என்று சொல்ல வைத்தார்கள். அதில் தவறு நடந்தது என்று போப்பாண்டவர் ஒப்புக்கொண்டது இந்த நாவல் வந்த அதே 1992-ல்தான். 359 வருஷம்! உருண்டையா, தட்டையா என்பதல்ல வோர்பிஸ்களின் கவலை. அதைச் சொல்லும் அதிகாரம் யாருடையது என்பதே கேள்வி.

பக்கத்து நாடான எஃபீபின் மீது படையெடுக்க அவனுக்கு ஒரு சாக்கு வேண்டும். மதம் பரப்பப் போன தங்கள் ஆளை எஃபீபியர் கொன்றுவிட்டதாகப் பிரசாரம் நடக்கிறது. உண்மையில் அவனைத் தீர்த்துக் கட்டியது சொந்தத் தரப்பே! 1939 ஆகஸ்ட் 31-ந் தேதி இரவு, கிளைவிட்ஸ் வானொலி நிலையத்தைப் போலந்துக்காரர்கள் தாக்கியதாக நாஜிகள் நாடகமாடி, மறுநாள் விடியலில் போலந்துக்குள் புகுந்ததை நினைத்துக்கொண்டேன்.

புத்தகத்தில் என்னை உலுக்கியது வோர்பிஸ் அல்ல, அவனுடைய சிப்பந்திகள். சித்திரவதைக் கூடத்தில் வேலைக்கு நடுவே காப்பிக்கு இடைவேளை விடுகிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த குவளையில் அப்பாவைப் புகழ்ந்து வாசகம்! ஓய்வு பெற்ற சகாவுக்குக் காசு வசூலித்துப் பரிசு கொடுத்திருக்கிறார்கள். அவர் நன்றிக் கடிதம் எழுத, அது சுவரில் தொங்குகிறது. இவர்கள் அரக்கர்களா? பிள்ளைகுட்டிக்காரர்கள், சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள்! வோர்பிஸ் ஒருவன் கொதிக்கும் கம்பியைத் தன் கையால் தொட வேண்டியதே இல்லை.

இனி, கடவுள் எப்படி ஆமையானார்? அந்த உலகில் கடவுளின் பலம் பக்தர்களின் நம்பிக்கையைப் பொறுத்தது. கோயில் நிறையக் கூட்டம், தெருவெல்லாம் துதி. ஆனால் உண்மையாக நம்புகிறவன், எழுதப் படிக்கத் தெரியாத புரூதா என்ற ஒரே ஒரு இளைஞன்தான். மற்றவர்கள் நம்புவது விசாரணை இலாகாவின் சவுக்கை. ஆகவே சர்வ வல்லமை படைத்தவர் தோட்டத்து ஆமையாகச் சுருங்கிப் போகிறார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மதவாதிகளைப் பார்த்துச் சிரிப்பது நமக்குச் சுலபம். நமது கிளைக் கூட்டங்களில் கை தூக்குகிறவர்களில் எத்தனை பேர் தீர்மானத்தை நம்பித் தூக்குகிறார்கள், எத்தனை பேர் செயலாளரின் முகத்தைப் பார்த்துத் தூக்குகிறார்கள்? தோழர்கள் கோபிக்கக் கூடாது. சுயவிமர்சனம் என்ற சொல்லை நாம்தான் ஊருக்குக் கற்றுக் கொடுத்தோம்.

முடிவில்தான் எனக்கும் ஆசிரியருக்கும் வழக்கு. கழுகின் பிடியிலிருந்து ஆமை விழுந்து வோர்பிஸ் சாகிறான். மக்கள் கிளர்ந்தெழுந்து அவனை வீழ்த்தவில்லை. பிராட்செட் புரட்சிக்காரர் அல்ல, போகட்டும். அதற்குப் பிறகு நூறு வருஷம் கழித்துச் செத்துப்போன புரூதா, மரணத்துக்கு அப்பாலுள்ள பாலைவனத்தில் தன்னந்தனியே நடுங்கிக் கிடக்கும் வோர்பிஸைக் காண்கிறான். அவனைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறான். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். புரூதாவின் மனது பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடத்திலிருந்து உயிரோடு திரும்பாதவர்களின் கையை யார் பிடித்தார்கள்?