வீட்டுக்குள் வாழ்ந்த விசுவாசம்



காலையில் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் சென்று பாண் வாங்கி வருகிறோம். கதிரையில் அமர்ந்து, மேசையில் வைத்து உண்கிறோம். அலுமாரியைத் திறந்து உடை எடுத்து, சப்பாத்து அணிந்து புறப்படுகிறோம். பாண், கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து ஆகிய ஐந்தும் போர்த்துக்கேய மொழி தந்த சொற்கள். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். அவர்கள் விட்டுச்சென்றவற்றுள் நாம் பேணிக்கொள்ள வேண்டியது எது?

அவர்களது அதிகாரம் அன்று. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தது அந்த அதிகாரமே. அயலவரின் வணக்கத்தலத்தை அழிப்பது நற்செய்தியின் வழியன்று என்பதை நாம் தயங்காது ஏற்க வேண்டும்.

போர்த்துக்கலின் மேன்மையை அதன் படைகளில் அன்று, அதன் சிற்றூர்களில் தேடுவோம். பாத்திமாவுக்கு அருகேயுள்ள அல்ஜுஸ்திரல், ஆடு மேய்த்தும் நிலம் உழுதும் வாழ்ந்த எளியோரின் ஊர். அங்கே சிறுமி லூசியாவின் தாயார் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டினார். மேய்ச்சல் நிலத்தில் உண்டபின் செபமாலை சொல்லவேண்டும் என்பது பெற்றோர் இட்ட ஒழுங்கு. விளையாடும் அவசரத்தில், ஒவ்வொரு செபத்தின் முதற்சொற்களை மட்டும் சொல்லி முடித்ததை லூசியாவே பின்னாளில் எழுதினார். 1917இல் அன்னையின் காட்சியைக் கண்டவர்கள் லூசியாவும் அவருடன் ஆடு மேய்த்த பிரான்சிஸ்கு, யசிந்தா என்னும் இரு சிறுவருமே. குறைபட்ட செபமாயினும், செபிக்கும் பழக்கத்தை அவர்களுக்கு வீடு தந்திருந்தது.

இவ்வுண்மையை நம் மண்ணும் அறியும். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்குப் புகலிடம் அளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின், 1687இல், கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் ஏழைக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகச் சென்று பிச்சை கேட்டார். அதைக் கண்டோரின் முகக்குறிப்பால் விசுவாசிகளை இனங்கண்டார். சில்லாலைக் கிராமம் அவரை மறைத்துக் காத்தது. 2015 ஜனவரி 14இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

ஆலயமும் குருவும் இல்லாதிருந்த அக்காலத்தில், செபமாலையை அடையாளங்காணும் கண்களை அம்மக்களுக்குத் தந்தது எது? அவர்களது வீடு அன்றோ!

இன்று நமக்கு ஆலயங்கள் உண்டு, குருக்கள் உண்டு, கொடியேற்றமும் சுற்றுப்பிரகாரமும் உண்டு. ஆயினும் குடும்பங்களைச் சந்திக்கும்போது, "எத்தனை மணிக்கு ஒன்றாகச் செபிப்பீர்கள்?" என்று கேட்டால், பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்கின்றனர், பிள்ளைகள் நிலத்தைப் பார்க்கின்றனர். குருக்களாகிய எங்கள்மீதும் குறையுண்டு. திருவிழாக் கணக்கைக் கேட்கும் அளவுக்கு வீட்டுச் செபத்தைப்பற்றி நாங்கள் கேட்பதில்லை.

இன்று மாலை தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, செபமாலையின் ஒரு பத்தையேனும் குடும்பமாகச் சொல்லுங்கள். வெளிநாட்டிலுள்ள மகனையும் பேரப்பிள்ளைகளையும் தொலைபேசியில் அழைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறியவர்கள் அவசரப்பட்டால் கடிந்துகொள்ள வேண்டாம்; அல்ஜுஸ்திரல் சிறுவரும் அப்படித்தான் தொடங்கினர்.

நாளை ஓர் ஏழை கழுத்தில் செபமாலையுடன் நம் வாசலில் வந்து நின்றால், நம் பிள்ளைகளின் முகம் மலருமா?