ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு: அரிய கட்டிகள் தாமதமாகத் தெரிவது ஏன்?

அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் என மூன்று இடங்கள்தான் பார்க்கப்படுகின்றன. மூக்கு அதில் இல்லை. இதைக் குறை சொல்லவும் முடியாது. அரிய நோயை ஊர் முழுக்கத் தேடினால் பலன் குறைவு. ஆனால் வில்லியனூரிலோ பாகூரிலோ ஒருவருக்கு மூக்குக் குழியில் கட்டி வந்தால், முதலில் பார்க்கும் டாக்டருக்குச் சந்தேகம் வந்தால்தான் உண்டு.

சந்தேகம் வருவது எளிதல்ல. மூக்கடைப்பு, சளி, தலைபாரம் எல்லாம் "சைனஸ்தான், சொட்டு மருந்து விட்டா சரியாயிடும்" என்று மெடிக்கல் ஷாப்பிலேயே முடிந்துவிடும். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் அலர்ஜி பொதுவாக இரண்டு துவாரங்களையும் அடைக்கும். வாரக்கணக்கில் ஒரே பக்கம் அடைத்து, அதே பக்கம் ரத்தமும் கசிந்தால் எண்டோஸ்கோப்பி பார்த்தே ஆக வேண்டும். கண் பிதுங்குவது, கன்னம் மரத்துப்போவது எல்லாம் கட்டி பரவிய பிறகு வருபவை. பல ஆண்டுகள் மரத்தூளில் வேலை செய்த தச்சர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மரத்தூள் மூக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம்.

குளத்து நோயா, கட்டியா?

ஏரியும் குளமும் நிறைந்த இந்தப் பகுதியில் இன்னொரு குழப்பமும் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதிகம் காணப்படும் ரைனோஸ்போரிடியோசிஸ், குளம் குட்டையில் குளிப்பவர்களுக்கு வரும் தொற்று. சிவந்த சதையில் வெண்புள்ளிகள் இருக்கும், தொட்டால் ரத்தம் வரும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், வெட்டியெடுத்த சதை எதுவானாலும் லேபுக்குப் போக வேண்டும்.

அதற்காக உடனே சதையைக் கிள்ளி எடுத்துவிடவும் கூடாது. வளரும் பையன்களுக்கு வரும் ஆஞ்சியோஃபைப்ரோமா ரத்தநாளங்கள் நிறைந்தது. பயாப்ஸி எடுத்தால் ரத்தம் நிற்காமல் போகலாம். குழந்தைகளுக்குச் சில நேரம் மூளைச் சவ்வே மூக்குக்குள் இறங்கியிருக்கும். அதனால் சிடி அல்லது எம்ஆர்ஐ முதலில், பயாப்ஸி பிறகு.

பயாப்ஸிக்குப் பிறகும் வேலை முடிவதில்லை. வாசனை நரம்பில் உருவாகும் நியூரோபிளாஸ்டோமா 1924-இலேயே பிரான்சில் விவரிக்கப்பட்டது. என்றாலும் மைக்ரோஸ்கோப்பில் அது லிம்போமா போலவே சின்னச் சின்ன நீல உருண்டைகளாகத்தான் தெரியும். பிரித்தறிய தனிச் சாயப் பரிசோதனை வேண்டும். பெயர் மாறினால் வைத்தியமே மாறும்: ஒன்றுக்கு ஆபரேஷன் முக்கியம், மற்றதற்கு மருந்தும் கதிர்வீச்சும்.

பாகூர் கொம்யூனுக்குள்ளேயே பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. தூரத்தைக் காரணம் காட்ட முடியாது. ஓபி, ஸ்கேன் தேதி, பயாப்ஸி, ரிசல்ட் என்று ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போவதுதான் தினக்கூலிக்காரரைப் பாதியில் நிறுத்துகிறது. நடுவில் ஆஸ்பத்திரி மாறுபவர்கள் ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டால், மறுபடி சதை எடுக்கும் அவசியம் பெரும்பாலும் வராது.