அடுப்படி அலமாரிக்கு மூன்று கேள்விகள்



சம்பளம் வாங்கிய மறுநாள் நம் தோட்ட வீடுகளில் சாமான் நிறைந்திருக்கும். இருபதாம் தேதி வந்துவிட்டால், சின்ன 555 புத்தகத்தை மூத்த பிள்ளையின் கையில் கொடுத்து, "அரைக் கிலோ சீனி எழுதி வாங்கி வா" என்று கடைக்கு அனுப்புவோம். சம்பளம் போதாமல் கடன் வாங்குவது ஒரு வகை. வீட்டில் இருப்பது தெரியாமலும், இருந்தது கெட்டுப் போனதாலும் கடன் வாங்குவது இன்னொரு வகை. முதல் வகைக்கு இந்தப் பக்கத்தில் மருந்து இல்லை. இரண்டாவதற்கு உண்டு.

அலமாரி என்றதும் பட்டணத்து வீட்டுக் கண்ணாடிக் கதவுகளை நினைத்துவிடாதீர்கள். நாலு பலகையும், இறுக மூடும் டின்களும் போதும். கீழ்ப் பலகை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். சுவரில் ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். நம் ஊர் மழையில் சுவரின் ஈரம் சாமானுக்கு ஏறும். கனமான அரிசி, மாவு கீழே. அன்றாடம் எடுப்பவை கண்ணுக்கு நேரே. மிளகாய்த்தூளும் மசாலாத்தூளும் அடுப்புக்கு அருகில் வேண்டாம். சூட்டில் மணம் போய்விடும். எறும்புக்காக அலமாரிக் கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பவர்கள், அதில் சவர்க்காரத்தூள் கலந்து வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அந்தக் கிண்ணத்திலும் முட்டையிடும்.

இனி அந்த அலமாரி மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: எவ்வளவு? எப்போது? என்ன?

முதலில், எவ்வளவு? பத்துக் கிலோ அரிசி உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? காலியான பால் டின் ஒன்றைக் கழுவி, கூரான ஓரத்தைத் தட்டி மழுக்கி, அரிசிக்குள் போட்டு வையுங்கள். எப்போதும் அதனாலேயே அளந்து எடுங்கள். பையைப் பிரித்த நாளையும் முடிந்த நாளையும் நாட்காட்டியில் குறியுங்கள். 10 கிலோ 12 நாள் வந்தால், 30 நாளைக்கு 25 கிலோ வேண்டும். சம்பளத்தன்று அதற்கான பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மற்றதைப் பாருங்கள். சீனி, எண்ணெய், பருப்பு எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். கடைக்குப் போகுமுன் அலமாரியைப் பார்த்துப் பட்டியல் எழுதுங்கள். ஞாபகத்தை நம்பி எழுதாதீர்கள்.

அடுத்தது, எப்போது? ஒவ்வொரு டின்னிலும் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். பழையது முன்னால், புதியது பின்னால். அரிசி வண்டு வெளியிலிருந்து வருவதாகவே பலரும் நினைக்கிறோம். தாய் வண்டு அரிசி மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு மூடிவிடும். நம் ஊர்ச் சூட்டில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அது வண்டாகி வெளியே வரும். ஆகவே கடையில் சுத்தமாகத் தெரிந்த அரிசியிலும் முட்டை இருக்கலாம். விலை மலிவு என்று மூன்று மாத அரிசியை வாங்கிக் குவித்தால் வண்டுக்குத்தான் விருந்து. பழைய அரிசியின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். டின்னைக் காலி செய்து, துடைத்து, வெயிலில் காயவைத்து நிரப்புங்கள்.

வண்டு விழுந்த அரிசியைப் புடைத்துச் சமைக்கலாம். பூஞ்சை பிடித்தது அப்படியல்ல. 1988-ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தில் அரிசி மாவில் செய்த மீயைச் சாப்பிட்ட 13 குழந்தைகள் இறந்து போனார்கள். பூஞ்சையால் உண்டாகும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சே காரணம் என்று மருத்துவர்கள் கண்டார்கள். வேகவைத்தாலும் வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதாக அழியாது. கசக்கும் கச்சான், பச்சை படிந்த சோளம், கட்டி தட்டி நாறும் மாவு இவற்றைக் கழுவிப் பார்க்க வேண்டாம், வீசிவிடுங்கள். இரண்டு வெள்ளி நட்டம் பெரிதல்ல.

கடைசிக் கேள்வி, என்ன? ஒவ்வொரு டின்னிலும் போத்தலிலும் பெயர் இருக்க வேண்டும். இந்த வேலையைத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். 'துவரம்பருப்பு', 'கடலைப்பருப்பு' என்று எழுதி ஒட்டினால் அவனுக்கு எழுத்துப் பயிற்சி. பாட்டிக்கும் அப்பாவுக்கும் தேடும் வேலை மிச்சம்.

பெயரில்லாத போத்தல் வெறும் தொல்லையோடு நிற்பதில்லை, சகோதரிகளே. மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் மிஞ்சிய புல் மருந்தைக் காலி ஆரஞ்சு போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வருவது நம்மிடையே நெடுநாள் பழக்கம். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலமும் அப்படியே வரும். பாராகுவாட் என்ற புல் மருந்தில் ஒரு மிடறு உயிரைப் பறிக்கும். அதற்கு முறிவு மருந்தும் கிடையாது. மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து அதற்குத் தடை. ஆனாலும் வேறு மருந்துகள் தோட்டத்தில் புழங்குகின்றன. தாகத்தோடு ஓடி வரும் பிள்ளை போத்தலின் வடிவத்தைத்தான் பார்க்கும்.

ஆகவே மருந்தும் அமிலமும் வீட்டுக்கே வர வேண்டாம். அவற்றின் இடம் தோட்டத்து மருந்துக் கிடங்கு. தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வருகிற ஓய்வு நாளில் அலமாரியைக் காலி செய்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். என்னவென்று சொல்ல முடியாத போத்தல் ஒன்று அகப்பட்டால், முகர்ந்தோ ருசித்தோ பார்க்காதீர்கள். மற்ற எல்லா வேலைக்கும் முன்னால், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் அதை வீட்டைவிட்டு வெளியே எடுங்கள்.