அம்மம்மா எழும்புவாவோ?



“எண்பது வயசு. இனி ஒப்பரேசன் செய்து என்ன பிரயோசனம்?” இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களின் கட்டிலருகே நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் மகள் அல்லது மருமகள். கையொப்பமிட வேண்டியவரும் அவரே.

இதே கேள்விக்கு வைத்தியர்கள் எண்களால் விடை தேடுகிறார்கள். இங்கிலாந்தின் நொட்டிங்காமில் உருவாகி 2008இல் வெளியான புள்ளிமுறை ஒன்று, சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் 30 நாட்களில் உயிராபத்து எவ்வளவு என்று மதிப்பிடுகிறது. 66 முதல் 85 வயதுவரை 3 புள்ளிகள், அதற்கு மேல் 4. ஆணென்றால் 1. ஈமோகுளோபின் 10 அல்லது அதற்குக் கீழ், ஞாபகக் குறைவு, பராமரிப்பு இல்ல வாழ்க்கை, இரண்டுக்குக் குறையாத வேறு நோய்கள், புற்றுநோய் என ஒவ்வொன்றுக்கும் 1. புள்ளி கூட ஆபத்தும் கூடும்.

ஞாபகத்தை அளக்க அங்கே கேட்கும் பத்துக் கேள்விகளில் ஒன்று, முதலாம் உலக மகாயுத்தம் நடந்த ஆண்டு. எங்கள் அம்மம்மாவிடம் எந்த யுத்தத்தைக் கேட்பது? 1995 இடப்பெயர்வைக் கேட்டால், எந்தப் பானையை விட்டுவந்தோம் என்பதுவரை சொல்லுவா.

இது பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. உங்கள் அம்மாவின் சாதகம் அல்ல. ஒரு வருடத்துக்குள் நூறு பேரில் 20 தொடக்கம் 30 பேர் வரை இறப்பது உண்மைதான். முறிவோடு, படுக்கையில் கிடப்பதும் அதற்குக் காரணம்: நியூமோனியா, படுக்கைப்புண், காலில் இரத்தக்கட்டி. “வயசு போனவ, ஆடாமல் கிடக்கட்டும்” என்பது அன்பான பேச்சு, ஆனால் ஆபத்தானது. முறிவு நெரிவு பரியாரியிடம் பத்துக் கட்டி நாலு நாள் பார்ப்பதும் அப்படியே. பிரித்தானிய வழிகாட்டலின்படி, அனுமதித்த அன்றோ மறுநாளோ சத்திரசிகிச்சை. அதற்கு அடுத்த நாளே எழுப்பி நடக்கவைத்தல்.

சத்திரசிகிச்சைக்குப் பின் சிலர் இரவில் பிதற்றுவார்கள். யுத்தத்தில் இழந்த மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். “கூட்டிக்கொண்டு போக வந்திட்டான்” என்று உறவினர் அழத் தொடங்குவார்கள். அது சாவின் அழைப்பு என்று எண்ணிச் சாப்பாட்டை நிறுத்திவிடாதீர்கள். கிருமித்தொற்று, உடலில் நீர் குறைதல், நோவு, மருந்து என்று திருத்தக்கூடிய காரணங்கள் பல உண்டு. உடனே தாதியிடம் சொல்லுங்கள். அவவின் கண்ணாடியைப் போட்டுவிடுங்கள். பழகிய குரல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

கையொப்பமிட முன் வைத்தியரிடம் கேளுங்கள்: இரத்தம் எவ்வளவு இருக்கிறது? சத்திரசிகிச்சை எப்போது? எப்போது எழுப்பி இருத்தலாம்? விழுவதற்கு முதல்நாள்வரை அவ தனியே கிணற்றடிக்குப் போய் வந்தவ என்றால், அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அந்தப் புள்ளிமுறையில் அதற்கு இடமில்லை.