அப்பா நம்பர் குடும்மா!

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கெடந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு எனக்கு நானே சாக்கு சொல்லிக்கிட்டு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். நிஜக் காரணம் வேற. எழுத உக்காந்தா கோவம் வருது. கோவம் இன்னிக்கும் அடங்கல, ஆனா எழுதிடறது நல்லதுன்னு தோணுது.

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா பொண்ணு போன் பண்ணினா. ஹாஸ்டல்ல தங்கி இன்ஜினியரிங் படிக்கிறா. எந்த ஊர், எந்தக் காலேஜ்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

"சித்தி, தூங்கிட்டியா? என் ரூம்மேட் அழுதுக்கிட்டே இருக்கா. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. அம்மாகிட்ட சொல்லிடாத."

விஷயம் இதுதான். அந்தப் பொண்ணுக்கு 19 வயசு. அதே காலேஜ்ல மூணாம் வருஷம் படிக்கிற ஒரு பையனோட ஆறு மாசம் பழக்கம். ஒத்து வரல, வேணாம்னு சொல்லிட்டா. அவன் கேன்டீன் பின்னாடி வச்சு ரெண்டு அறை விட்டிருக்கான். அதுக்கப்புறம் தெனமும் மெசேஜ். "நான் கூப்பிடற எடத்துக்கு வா. இல்லன்னா நம்ம போட்டோவெல்லாம் உங்க அப்பாவுக்கு அனுப்புவேன்."

மறுநாள் லீவு போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். காலேஜ் வாசல்லயே பெரிய போர்டு. உள் புகார் குழு, ஏழு பேர் பேரு, நம்பரு எல்லாம் ஜோரா இருக்கு. முதல் நம்பருக்கு அடிச்சா அந்த மேடம் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சாம். ரெண்டாவது நம்பர் உபயோகத்தில் இல்லை. மூணாவது மேடம் எடுத்தாங்க. "நேர்ல வாங்க"ன்னாங்க. போனோம். அந்தப் பொண்ணு கையப் பிசஞ்சுக்கிட்டு ரெண்டு வாக்கியம் பேசியிருப்பா. மேடம் பேனாவை எடுத்தாங்க.

"முதல்ல உங்க அப்பா நம்பர் குடும்மா."

அந்தப் பொண்ணு மொகத்தை நீங்க பாத்திருக்கணும். அப்படியே எந்திரிச்சு வாசப்பக்கம் போயிட்டா. மக்களே, கொஞ்சம் யோசிங்க. அவன் எதைச் சொல்லி மிரட்டினான்? 'உங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன்'னு. உதவி பண்ண உக்காந்திருக்கறவங்க முதல்ல என்ன சொன்னாங்க? அதையேதான். அப்புறம் அந்தப் புள்ள எதுக்கு அந்த ரூமுக்குள்ள வரணும்?

மேடம் கெட்டவங்க இல்லீங்க. "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பெத்தவங்களுக்கு நாங்கதான பதில் சொல்லணும்"னு நெஜமாவே பயந்தாங்க. ஆனா அந்தப் பயம் காலேஜைப் பத்தினது. அந்தப் பொண்ணைப் பத்தினது இல்ல.

இங்க ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன். 1999. நானும் ஹாஸ்டல்தான். என் ரூம்ல இருந்த ஒருத்தி பின்னாடி ஒருத்தன் மாசக்கணக்கா சுத்தினான். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுல கையப் புடிச்சு இழுத்துட்டான். வளையல் ஒடஞ்சு கையெல்லாம் கீறல். யார்கிட்டயும் சொல்லாதடின்னு சத்தியம் வாங்கினா. நான் நல்லது பண்றதா நெனச்சு வார்டன்கிட்ட சொன்னேன். வார்டனும் நல்லது பண்றதா நெனச்சு வீட்டுக்குப் போன் போட்டாங்க. மறுநாள் சாயங்காலம் அவ அப்பா வந்தாரு. ஒரு வார்த்தை பேசல. பெட்டியக் கட்டினா, கெளம்பிட்டா. நாலாவது மாசம் கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. வகுப்புல எப்பவும் முதல் மூணு பேருக்குள்ள வர்றவ, டிகிரி முடிக்கல. கையப் புடிச்சு இழுத்தவன் முடிச்சுட்டான் :-(

அதனால இந்தப் பதிவுல நான் திட்டற ஆளுங்கள்ல நானும் ஒருத்தி. அதையும் சேத்துப் படிச்சுக்குங்க.

இனி சட்டம் என்ன சொல்லுதுன்னு பாப்போம். 1997ல விசாகா வழக்குல உச்ச நீதிமன்றம் வேலை செய்யற எடங்களுக்கு வழிமுறை வகுத்துச்சு. 2013ல அது சட்டமாச்சு. கல்லூரிகளுக்குன்னே யுஜிசி தனியா ஒழுங்குமுறை போட்டுச்சு. பேரு 2015ஆம் வருஷத்துது, அறிவிக்கை வந்தது 2016 மே மாசம். அதுல இருக்கற சில சங்கதிகள்:

மாணவர் சம்பந்தப்பட்ட புகார்னா குழுவுல மூணு மாணவர்கள் இருக்கணும், அதுவும் தேர்தல் மூலமா வந்தவங்க. துறைத்தலைவர், டீன், பதிவாளர் மாதிரி பெரிய பதவியில இருக்கறவங்க குழுவுல இருக்கவே கூடாது. (நாங்க பாத்த மேடம் துறைத்தலைவர்!) புகார் கொடுத்தவங்க யாருன்னு வெளிய தெரியாம பாத்துக்கறது குழுவோட பொறுப்பு. விசாரணை நடக்கறப்ப லீவு, வருகைப்பதிவுல தளர்வு கொடுக்கணும். எதிராளியைத் தள்ளி இருக்கச் சொல்லி எச்சரிக்கணும், ஆபத்துன்னு தெரிஞ்சா அவனைக் காலேஜுக்குள்ளயே விடக்கூடாது. விசாரணையை 90 நாளைக்குள்ள முடிக்கணும். பையன்களும் திருநர் மாணவர்களும்கூட பாதிக்கப்படலாம்னு அந்த ஒழுங்குமுறையே ஒத்துக்குது.

அப்பா கையெழுத்து வேணும்னு எங்கயாவது இருக்கா? இல்ல. 18 முடிஞ்சவ ஓட்டுப் போடலாம், புகார் எழுதலாம், அவ கையெழுத்தே போதும். 17 வயசுல முதல் வருஷம் சேர்ற பசங்க விஷயம் வேற. பாலியல் குற்றம்னா போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆகணும். அதையும் அந்தப் பொண்ணுகிட்ட முதல்லயே சொல்லிட்டுத்தான் வாயத் திறக்க வைக்கணும்.

ரகசியம் காப்பாத்தறது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியணும்னா அண்ணா பல்கலைக்கழக வழக்கைப் பாருங்க. 2024 டிசம்பர் 23 ராத்திரி வளாகத்துக்குள்ளயே ஒரு மாணவிக்குக் கொடுமை நடந்துச்சு. அந்தப் பொண்ணு தைரியமா புகார் கொடுத்தா. 2025 ஜூன்ல குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, 30 வருஷத்துக்குக் குறையாம உள்ள இருக்கணும்னு தீர்ப்பு. ஆனா நடுவுல என்ன ஆச்சு? அவளைப் பத்தின விவரத்தோட முதல் தகவல் அறிக்கை வெளிய கசிஞ்சுடுச்சு. அதுக்காக 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவு போட்டுச்சு. அவ பேசினதாலதான் குற்றவாளி சிக்கினான். அவளுக்கு நாம திருப்பிக் கொடுத்தது இது. இதைப் பேப்பர்ல படிச்ச மத்த பொண்ணுங்க என்ன முடிவு எடுத்திருப்பாங்க?

"அதெல்லாம் சரி, பெத்தவங்களுக்குத் தெரியக் கூடாதா? பெத்து வளத்தவங்க இல்லையா?"ன்னு கேப்பீங்க. தெரியலாம். அவ சொல்லட்டும். அவ சொல்றப்ப பக்கத்துல ஒருத்தர் உக்காந்து தைரியம் கொடுக்கட்டும். நல்லாப் பாத்துக்கற அப்பா அம்மா எத்தனையோ பேர் இருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஆனா எந்த வீடு எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? அவளுக்குத்தான் தெரியும். சில பொண்ணுங்களுக்கு அடியே வீட்லதான் விழுது. (அப்பா, அண்ணன் அடிச்சாலும் 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி மகள் புகார் கொடுக்கலாம். இது நெறைய பேருக்குத் தெரியல.) பையன் வேற சாதின்னு தெரிஞ்சா என்ன நடக்கும்ங்கறதும் நம்ம ஊர்ல தெரியாத கதை இல்ல. 2016ல உடுமலைப்பேட்டையில சாதி மாறிக் கல்யாணம் பண்ணின இன்ஜினியரிங் மாணவரைப் பட்டப்பகல்ல நடுரோட்டுல வெட்டினாங்க. அப்படிப்பட்ட ஊர்ல உக்காந்துக்கிட்டு, அவளைக் கேக்காம வீட்டுக்கு ஒரு போன் போடறதை 'நடைமுறை'ன்னு சொன்னா எப்படிங்க?

உயிருக்கு ஆபத்துன்னா, தன்னைத்தானே ஏதாவது பண்ணிக்குவான்னு தோணிச்சுன்னா, ரகசியத்தை உடைக்கத்தான் வேணும். அப்பவும் "நான் இன்னாருக்குச் சொல்லப் போறேன், இதனால சொல்றேன்"னு அவகிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க.

நம்ம காலேஜ்களுக்கு இதெல்லாம் செய்யத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. ராகிங் விஷயத்துல எப்படி முடிஞ்சுது? 1996ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல முதலாண்டு மருத்துவ மாணவர் கொலையானதுக்கு அப்புறம் 1997ல தமிழ்நாடு சட்டம் போட்டுச்சு. 2009ல யுஜிசி ஒழுங்குமுறை வந்துச்சு, 24 மணி நேர உதவி எண் வந்துச்சு. சேரும்போதே மாணவரும் பெத்தவங்களும் உறுதிமொழி கொடுக்கணும்னு ஆச்சு. ராகிங் ஒழிஞ்சுடுச்சுன்னு சொல்ல வரல. ஆனா ராகிங்னு ஒரு புகார் வந்தா இன்னிக்கு பிரின்சிபால் பதறி ஓடி வர்றாரு இல்ல? அடி வாங்கின ஜூனியர்கிட்ட "நீ ஏன் அந்தப் பக்கம் போன?"ன்னு கேக்கறது தப்புன்னு கத்துக்கிட்டாங்க இல்ல? அதே பாடத்தை இதுக்கும் படிச்சா என்ன?

நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல.

1. போர்டுல இருக்கற நம்பர் வேலை செய்யணும். ராத்திரி பதினோரு மணிக்கும் வேலை செய்யணும்.
2. "உன்னைக் கேக்காம வீட்டுக்குச் சொல்ல மாட்டோம்"னு அதே போர்டுல பெரிய எழுத்துல எழுதணும். 18 ஆகாதவங்களுக்கு என்ன விதின்னும் பக்கத்துலயே போடணும்.
3. கவுன்சிலர்னு ஒருத்தர் இருக்கணும். கணக்குப் பாடம் எடுக்கறவங்க தலையில அந்த வேலையையும் கட்டக் கூடாது.
4. அடிச்சவன்தான் ஒதுங்கணும். ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்குப் பூட்டறது பாதுகாப்பு இல்ல, அடி வாங்கினவளுக்குத் தண்டனை.
5. அவ படிப்பு நிக்கக் கூடாது. வருகைப்பதிவு, இன்டர்னல் மார்க், பரீட்சை, இதெல்லாம்தான் அவளுக்கு நிஜமான மருந்து.

காலேஜை நம்ப முடியலன்னா வெளியயும் வழி இருக்கு, குறிச்சு வச்சுக்குங்க. 181 பெண்கள் உதவி எண். அவசரத்துக்கு 112. மனசு தாங்கலன்னா 14416. இலவச சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு வருமான வரம்பே கெடையாது. மாவட்டங்கள்ல 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கு, சிகிச்சை, போலீஸ், வக்கீல், தற்காலிகமா தங்க எடம் எல்லாம் ஒரே கூரைக்குள்ள. போட்டோ வச்சு மிரட்டினா தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்துல பேர் சொல்லாமலும் பதியலாம். மெசேஜை மட்டும் அழிச்சிடாதீங்க, அதுதான் சாட்சி.

அந்தப் பொண்ணு கதை? ஒரு வாரம் கழிச்சு யுஜிசி ஒழுங்குமுறையைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டு திரும்பப் போனோம். மேசையில வச்சேன். மேடம் கண்ணாடியப் போட்டுக்கிட்டு இருபது நிமிஷம் படிச்சாங்க. அதை முழுசாப் படிச்சது அன்னிக்குத்தான்னு நெனைக்கிறேன். அப்புறம் பேனாவை எடுத்து, "நீ சொல்லும்மா, நான் எழுதிக்கறேன்"னாங்க. அப்பா நம்பரை யாரும் கேக்கல. பையனைக் கூப்பிட்டு எச்சரிச்சு, அவ இருக்கற பக்கமே வரக் கூடாதுன்னு எழுதி வாங்கினாங்க. செமஸ்டர் எழுதிட்டா. ஒண்ணு அரியர். நாலு மாசம் கழிச்சு அவளே அம்மாகிட்ட சொன்னாளாம். அம்மா என்ன சொன்னாங்கன்னு நான் கேக்கல, அது அவங்க ரெண்டு பேர் விஷயம்.

1999ல எனக்கு இந்த அளவு விவரம் இருந்திருந்தா ஒருத்தி டிகிரி முடிச்சிருப்பா. அதை நெனச்சாத்தான் இன்னும் தூக்கம் வர மாட்டேங்குது.

டிஸ்கி: உங்க வீட்ல யாராவது காலேஜ்ல படிக்கறாங்களா? இன்னிக்கே அந்த போர்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்க. யாரு எடுக்கறாங்க, முதல்ல என்ன கேக்கறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.